ராத்திரி விளக்குக்கு யார் எண்ணெய் ஊற்றுவது?

உங்கள் அபார்ட்மென்ட்டில் மாதாமாதம் மெயின்டனன்ஸ் எவ்வளவு கட்டுகிறீர்கள்? இரண்டாயிரம்? நாலாயிரம்? லிஃப்ட்டுக்கு ஏ.எம்.சி., வாட்ச்மேன் சம்பளம், மோட்டார் கரண்ட் பில், பெருக்கித் துடைக்கிற அம்மாவுக்குச் சம்பளம், வருஷத்துக்கு இரண்டு தடவை தொட்டி கழுவும் செலவு. போதாததற்கு ஃப்ளாட் வாங்கும்போதே கார்ப்பஸ் ஃபண்ட் என்று ஒரு தொகையைக் கறந்து பேங்கில் போட்டிருப்பார்கள் (உண்மையிலேயே போட்டிருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி). அசோசியேஷன் மீட்டிங்கில் ஒருத்தர் எழுந்து, "அதான் கட்டடம் கட்டியாச்சே, இனிமே எதுக்கு சார் மாசாமாசம் பணம்?" என்று கேட்டால் அவரை எப்படிப் பார்ப்பீர்கள்?

அதே கேள்வியைத்தான் நம் அரசாங்கங்கள் பல வருஷமாகக் கிராமங்களைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. டெல்லியில் யார் இருந்தாலும் சரி, கோட்டையில் யார் இருந்தாலும் சரி.

இதைப் பேச சாலவாக்கம் பக்கம் போவோம். காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர் தாலுகா. ஒரு குறுவட்டத்துக்குத் தலைமையிடம். போலீஸ் ஸ்டேஷன் உண்டு. சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்கு அதுதான் டவுன். ஏரி, நெல் வயல், கொஞ்சம் தள்ளிப் போனால் கல் குவாரி. ஏன் குறிப்பாக இந்த வட்டாரம் என்றால், ஊருக்குப் பொதுப் பணம் கொடுப்பது எப்படி, கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்பது எப்படி என்று கல்லில் வெட்டி வைத்த இரண்டு ஊர்கள் இங்கே இருக்கின்றன. ஒன்று, ஸ்கூல் புத்தகத்திலேயே வருகிற உத்திரமேரூர். இன்னொன்று, அவ்வளவாக யாரும் எட்டிப் பார்க்காத திருமுக்கூடல்.

முதலில் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேருகிற இடம். அங்கேயுள்ள பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டு. அந்தக் கோயிலின் ஒரு மண்டபத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கு விடுதியும், 15 பேர் படுத்துச் சிகிச்சை பெறும் ஓர் ஆதுலர் சாலையும் நடந்தன. ஆதுலர் சாலை என்றால் ஆஸ்பத்திரி. இதை எடுத்துக்காட்டி "பார்த்தீங்களா, அந்தக் காலத்துலயே தமிழன்..." என்று மீசையை முறுக்குகிறவர்கள் உண்டு. நான் அதற்காக இதைச் சொல்ல வரவில்லை. அந்தக் கல்வெட்டு எழுதப்பட்டிருக்கிற விதத்தைப் பாருங்கள். கட்டடத்தைப் பற்றிப் பெரிதாக எதுவும் இல்லை. எல்லாம் நடத்துகிற செலவு.

வைத்தியர் ஒருவர், அவருக்கு வருஷத்துக்கு இவ்வளவு நெல், இவ்வளவு காசு. அறுவை செய்கிறவருக்கு இவ்வளவு. மூலிகை பறித்து, விறகு கொண்டுவந்து, மருந்து காய்ச்ச இரண்டு ஆட்கள், அவர்களுக்கு இவ்வளவு. நோயாளிகளைக் கவனிக்க இரண்டு பெண்கள். ஒரு நாவிதர். தண்ணீர் கொண்டுவர ஓர் ஆள். படுத்திருப்பவருக்குத் தினம் தலைக்கு ஒரு நாழி அரிசி. எந்தெந்த மருந்து எவ்வளவு கையிருப்பில் இருக்க வேண்டும் என்று பெயர் பெயராக ஒரு பட்டியல். விடுதிப் பிள்ளைகளின் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு எண்ணெய். ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க எரிய ஒரு விளக்கு, அந்த விளக்குக்கு எண்ணெய். இத்தனையும் வயலைக்காவூர் என்ற ஊரின் வருமானத்திலிருந்து வருஷா வருஷம் வரும்.

ராத்திரி விளக்குக்கு எண்ணெய் யார் ஊற்றுவது என்று யோசித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரியை நடத்தியிருக்கிறார்கள். பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகளில் இது ஒரு பழக்கமாகவே இருக்கிறது. ஏரியில் தூர் எடுக்க வேண்டுமா, கோயிலில் விளக்கு எரிய வேண்டுமா, பொன்னையோ நெல்லையோ நிலத்தையோ ஊரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். முதலில் கை வைக்கக் கூடாது. வட்டியில், விளைச்சலில் செலவு நடக்க வேண்டும். உங்கள் கார்ப்பஸ் ஃபண்ட்டேதான்!

சரி, ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். திருமுக்கூடல் ஆஸ்பத்திரி ஊர் ஜனங்கள் எல்லோருக்கும் திறந்திருந்த ஜி.ஹெச். இல்லை. அங்கே படித்த மாணவர்களுக்கும் கோயில் ஊழியர்களுக்குமானது. வயலில் நாற்று நட்டவளுக்குக் காய்ச்சல் வந்தால் அந்த விளக்கு அவளுக்காக எரிந்திருக்காது. பொற்காலம் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். கணக்குப் போட்ட முறையை மட்டும்தான் மெச்சுகிறேன்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம்.

2006இல் தி.மு.க. அரசு 'அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம்' என்று ஒன்றைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் அப்போதிருந்த 12,618 ஊராட்சிகளுக்கும், ஆண்டுக்குச் சுமார் 2,500 ஊராட்சி என்று பிரித்து, ஐந்து வருஷத்தில் தலா 20 லட்ச ரூபாய். பெருக்கிப் பாருங்கள், 2,500 கோடிக்கு மேல் வரும். ஒவ்வோர் ஊருக்கும் நூலகம், விளையாட்டு மைதானம், குளம் சீரமைப்பு, சுடுகாட்டுக்கு வசதி. நல்ல திட்டம், கிண்டலாகச் சொல்லவில்லை. ஒரு கிராமத்துப் பெண் பிள்ளைக்கு, ஊருக்குள்ளேயே நடந்து போகிற தூரத்தில், புத்தகம் இருக்கிற ஒரு அறை என்பது சின்ன விஷயமா?

கட்டடம் வந்தது. அலமாரி வந்தது. புத்தகங்கள் வந்தன. வாசலில் பெயர் எழுதினார்கள். நூலகர்? பகுதி நேரம், பேருக்கு ஒரு மதிப்பூதியம். அந்தத் தொகைக்கு யார் தினம் வந்து கதவைத் திறந்து, ஒட்டடை அடித்து, "யம்மா, பக்கத்தைக் கிழிக்காதே" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்? பல ஊர்களில் பூட்டு தொங்கியது. சில ஊர்களில் சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடவே ஒரு நாள் ஆகும். புத்தகத்தைக் கரையான் படித்தது.

2011இல் ஆட்சி மாறியது. அ.தி.மு.க. அரசு அந்தத் திட்டத்தைத் தொடராமல் 'தாய்' திட்டம் கொண்டுவந்தது. அதில் ஒரு நல்ல யோசனை இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஊராட்சிக்கு இவ்வளவு என்று கொடுத்தால் இரண்டு குக்கிராமம் உள்ள ஊராட்சிக்கும் இருபது குக்கிராமம் உள்ள ஊராட்சிக்கும் ஒரே தொகைதான் போகும். அதுவும் அந்தப் பணம் பெரும்பாலும் தாய்க் கிராமத்திலேயே தங்கிவிடும். காலனிக்கும் கடைசிக் குக்கிராமத்துக்கும் போய்ச் சேராது. ஆகவே ஊராட்சியை விட்டுவிட்டு 79,394 குக்கிராமங்களையும் கணக்கில் எடுத்தார்கள். குடிநீர், தெருவிளக்கு, சாலை, சுடுகாடு, அதற்குப் பாதை. சரியான திருத்தம். ஆனால் முந்தைய ஆட்சி கட்டிய நூலகம்? அது அவங்க திட்டம், நமக்கென்ன!

2021இல் மறுபடி தி.மு.க. ஆட்சி. மறுபடி அண்ணா மறுமலர்ச்சி, இந்தத் தடவை 'இரண்டு' என்று நம்பர் போட்டு. பழைய நூலகக் கட்டடங்களைப் பழுது பார்ப்பதற்கும் அதில் இடம் வைத்தார்கள்.

ஒரு கட்சியை மட்டும் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். 2001க்குப் பிறகு ஜெயலலிதா ஆட்சியில் ஊராட்சிதோறும் ஒருங்கிணைந்த மகளிர் சுகாதார வளாகம் கட்டினார்கள். கழிப்பறை, குளியலறை, துணி துவைக்கும் மேடை எல்லாம் சேர்த்து. ஏரிக்கரை இருட்டையே நம்பியிருந்த பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஆண்களுக்குப் புரியாது. மோட்டார் ரிப்பேர், தண்ணீர் இல்லை, சுத்தம் செய்ய ஆள் இல்லை என்று பல வளாகங்கள் மூடிக் கிடந்தன. பத்து வருஷம் கழித்து அதே கட்சி ஆட்சிக்கு வந்து 2011-12இல் அவற்றைப் புதுப்பிக்க மறுபடி ஒரு தனித் திட்டம் போட்டது.

ஆக, நம் ஊரில் பராமரிப்புக்கு என்ன பெயர் தெரியுமா? ஆட்சி மாற்றம்! தன் கட்சி கட்டிய கட்டடம் பாழானால் தன் கட்சி திரும்பி வரும் வரை காத்திருக்க வேண்டும். தாழ்ப்பாள் உடைந்தால் முந்நூறு ரூபாய். அந்த முந்நூறுக்கு வழி இல்லாததால் கதவு போய், கதவு போனதால் பீங்கான் போய், கடைசியில் லட்சக்கணக்கில் 'புனரமைப்பு'.

"அதெல்லாம் சரி சார், எவ்வளவு கொட்டினாலும் கிராமத்துல பாழாத்தான் போகும். கான்ட்ராக்டர் கமிஷன் அடிச்சிருப்பான், ஜனங்களுக்கும் பொறுப்பில்லே" என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. கமிஷன் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள். ஆனால் ஒரு பைசா கமிஷன் இல்லாமல், கம்பியும் சிமென்ட்டும் அளவு குறையாமல் கட்டிய கழிப்பறையும் ஆறு மாதத்தில் மூடிவிடும், அதைக் கழுவுகிறவருக்குச் சம்பளம் இல்லாவிட்டால். ஜனங்களின் பொறுப்பு பற்றி ஒரே வார்த்தை: உங்கள் அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேனையும் பெருக்குகிற அம்மாவையும் நிறுத்திவிட்டு மூன்று மாதம் நடத்திப் பாருங்கள்.

விதிகளே இப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1993 டிசம்பரில் ஆரம்பித்தது. முதலில் ஆளுக்கு 5 லட்சம், பிறகு ஒரு கோடி, இரண்டு கோடி, 2011இல் 5 கோடி என்று வளர்ந்தது. அந்தப் பணத்தில் நிலைத்து நிற்கிற சொத்து உருவாக்க வேண்டும். சம்பளம், கரண்ட் பில் மாதிரி தொடர் செலவுக்குத் தரக் கூடாது. இனிமேல் இதை நாங்கள் பராமரித்துக்கொள்கிறோம் என்று, பயன்படுத்தப் போகிறவர்கள் முன்கூட்டியே உறுதி கொடுக்க வேண்டும். கொடுப்பார்கள். காகிதத்தில்தானே! ஆனால் எந்த நிதி, என்ன செலவு, எந்த எம்.பி. என்று எழுதிய கல்லோ தகடோ பதிப்பது மட்டும் கட்டாயம். எண்ணெய்க்கு விதி இல்லை, கல்வெட்டுக்கு விதி இருக்கிறது.

அடுத்து, நிதிக் கமிஷன் பணம். டெல்லியிலிருந்து நேரடியாக ஊராட்சிகளுக்கு என்று வருகிற பெரிய தொகை இதுதான். 15ஆவது நிதிக் கமிஷன் 2021 முதல் 2026 வரையிலான ஐந்து வருஷத்துக்கு நாடு முழுவதும் உள்ள கிராமப்புற உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி ரூபாய் என்று சொன்னது. கேட்கும்போது மலைப்பாக இருக்கும். அதில் 60 சதவீதம் 'கட்டிப் போட்ட' பணம். பாதி துப்புரவுக்கு, பாதி குடிநீருக்கு. அதிலாவது பராமரிப்புக்கு இடம் இருந்தது. மீதி 40 சதவீதம் ஊர் தன் இஷ்டத்துக்குச் செலவு செய்யலாம்... ஒரே ஒரு நிபந்தனை, சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் மட்டும் தொடக் கூடாது.

கவனித்தீர்களா? சுதந்திரமான பணம் என்று கொடுத்ததிலும் ஒரு மனுஷருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. திருமுக்கூடல் கல்வெட்டை இந்த விதிப்படி ஆடிட் செய்தால் வைத்தியர், அறுவை செய்கிறவர், இரண்டு பெண்கள், நாவிதர், தண்ணீர் ஆள் எல்லோருடைய சம்பளத்துக்கும் 'ஆட்சேபணை' எழுதிவிடுவார்கள்.

விதி போட்டவர்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. விட்டால் மச்சானையும் மாமனையும் வேலைக்கு வைத்து மொத்தத்தையும் சம்பளமாகவே கரைத்துவிடுவார்கள் என்ற பயம். நடக்கக் கூடியதுதான். அதற்கு உச்சவரம்பு வைக்கலாமே, பத்து சதவீதம், பதினைந்து சதவீதம் என்று? ஊராட்சிக்குச் சொந்தமாக வருவது வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் மாதிரி சில்லறை. மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்குகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் நகரம், ஒன்றியம், மாவட்டம் என்று பங்கு போட்டு ஊருக்கு வந்து சேருவதற்குள் மோட்டார் கரண்ட் பில்லும் குடிநீர் வாரியத்துக்குக் கட்ட வேண்டியதும் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அவற்றுக்கென்றே தனிக் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் பணம் இருந்தால் நாங்களும் போடுகிறோம் என்ற வகையும் ஒன்று உண்டு. 'நமக்கு நாமே.' 1997இல் வந்த திட்டம். 2011இல் 'தன்னிறைவு' என்று பெயர் மாறி, 2021இல் மறுபடி 'நமக்கு நாமே' ஆனது. கிராமத்து வேலை என்றால் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஜனங்கள் கட்ட வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் பகுதி என்றால் ஐந்தில் ஒரு பங்கு. மிச்சம் அரசு. பாதிக்குப் பாதி கட்டினால் வேலையையே நீங்கள் எடுத்துச் செய்யலாம். பத்து லட்சத்தில் ஒரு வகுப்பறை வேண்டுமென்றால் மூணே கால் லட்சத்துக்கு மேல் முன்பணம். சாலவாக்கம் பக்கத்தில் ஒரு விவசாயக் கூலிக் குடும்பம் எவ்வளவு போட முடியும்? அமெரிக்காவில் பிள்ளை இருக்கிற தெருவும், ஒரகடம் கம்பெனி ஒன்றின் தயவு கிடைத்த ஊரும் முந்திக்கொள்ளும். ஜனங்கள் பங்கு போட்டால் பொறுப்பு வரும் என்கிற தத்துவம் எனக்குப் பிடிக்கும். ஆனால் இருக்கிற இடத்துக்கே அரசுப் பணமும் போய்ச் சேருகிற ஒரு வழியாகவும் இது ஆகிவிடுகிறது. ஐந்தில் ஒரு பங்கும் இல்லாத தெரு எங்கே போவது?

ஏரி விஷயத்தில் கொஞ்சம் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டோம், கொஞ்ச காலம். 2017 மார்ச்சில் இதே காஞ்சிபுரம் மாவட்டத்து மணிமங்கலம் ஏரியில்தான் குடிமராமத்துத் திட்டத்தை முதல்வர் எடப்பாடி பழனிசாமி தொடங்கிவைத்தார். முதல் கட்டம் 100 கோடி, 1,519 வேலைகள். ஏரியில் பாசனம் செய்கிற விவசாயிகளே சங்கமாகச் சேர்ந்து, பத்து சதவீதம் தங்கள் பங்கு போட்டு, வேலையை எடுத்துச் செய்ய வேண்டும். யோசனை அருமை. பல இடங்களில் சங்கம் என்ற பெயரில் பழைய கான்ட்ராக்டரே வந்து நின்றார் என்ற புகாரும் கூடவே வந்தது. என் குறை வேறு. குடிமராமத்து என்றால் வருஷா வருஷம் செய்வது. மடையைப் பார்ப்பது, கரையில் முளைத்த செடியைப் பிடுங்குவது, வாய்க்கால் வெட்டுவது. அதைப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை ஜே.சி.பி. விட்டு, போட்டோ எடுக்கிற வேலையாக மாற்றியதும் அது மராமத்து இல்லாமல் போய்விட்டது. 'இந்த ஏரி யாருடையது' என்பதே பெரிய கேள்வி. நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் என்றால் பொதுப்பணித் துறை வழி வந்த நீர்வளத் துறை, குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். ஏரிக்கரையிலேயே குடியிருக்கிற ஊருக்கு எந்தப் பக்கமும் கையெழுத்து இல்லை.

உத்திரமேரூரில் ஏரிக்கென்றே ஒரு வாரியம் இருந்தது. ஆறு பேர், 360 நாள் பதவி. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதல் பராந்தகன் காலத்து இரண்டு கல்வெட்டுகள். 919இல் ஒன்று, 921இல் ஒன்று. முப்பது குடும்புகளிலிருந்தும் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, சின்னப் பையன் ஒருவனை விட்டு எடுக்கச் சொன்ன கதை உங்களுக்குத் தெரியும். எனக்கு அதைவிடப் பிடித்தது, இரண்டே வருஷத்தில் அந்த விதிகளைத் திருத்தினார்கள் என்பது. முதலில் வயது முப்பதிலிருந்து அறுபது என்றார்கள். பிறகு முப்பத்தைந்திலிருந்து எழுபது. நடத்திப் பார்த்து, சரிவரவில்லை என்றதும் மாற்றியிருக்கிறார்கள். இன்னொன்று, ஏற்கனவே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய சித்தி பிள்ளை, பெரியம்மா பிள்ளை, அத்தை பிள்ளை, மாமன், மருமகன் என்று சொந்தக்காரர் பட்டியல் ஒன்று நீளமாகப் போகிறது. பினாமி என்கிற சங்கதியை அப்போதே பார்த்திருக்கிறார்கள்!

ஆனால் அந்தக் குடத்தில் யார் பெயர் விழுந்தது? வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமணர்களின் ஊர்ச் சபை. பெண்களுக்கு இடமில்லை, நிலமில்லாதவருக்கு இடமில்லை, சேரியில் இருந்தவருக்குக் குடத்தைப் பார்க்கக்கூட அனுமதி இருந்திருக்காது. இன்றைக்குத் தமிழ்நாட்டு ஊராட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. தலித் பெண் ஒருவர் தலைவர் நாற்காலியில் உட்கார்கிறார். உத்திரமேரூர்க் கல்வெட்டு கனவிலும் நினைக்காதது. அந்தப் பெருமை நம் காலத்துக்குத்தான். ஆனால் அவர் உட்கார்ந்த பிறகு பாருங்கள். வருகிற பணத்தில் எதை எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று மேலேயே முடிவாகி வந்துவிடுகிறது. இருப்பதை எடுக்கவும் துணைத் தலைவர் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். துணைத் தலைவர் மேல்சாதிக்காரராக இருந்து முறுக்கிக்கொண்டால் மோட்டாருக்கு காயில் கட்டக்கூட வழி கிடையாது. பணம் கையில் இருந்தவர்களுக்கு அப்போது சபை இருந்தது. இப்போது சபைக்கு வந்து சேர்ந்தவர்களின் கை கட்டப்பட்டிருக்கிறது.

சபை என்கிறேனே, அதுவும் ஐந்து வருஷம் இல்லை. 2016 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்திருக்க வேண்டும். இட ஒதுக்கீட்டுக் குளறுபடி என்று தி.மு.க. வழக்குப் போட, உயர் நீதிமன்றம் அறிவிக்கையை ரத்து செய்தது. அப்புறம் வார்டு வரையறை, மறுபடி வழக்கு, மறுபடி வாய்தா. 2019 டிசம்பரில் ஒருவழியாக 27 மாவட்டங்களில் கிராமப்புறத் தேர்தல் நடந்தது. காஞ்சிபுரத்தைப் பிரித்துச் செங்கல்பட்டை உண்டாக்கியிருந்ததால் இங்கே இல்லை. கொரோனா வந்தது. கடைசியில் உச்ச நீதிமன்றம் கெடு வைத்து, 2021 அக்டோபரில் நடந்தது. உத்திரமேரூர் ஒன்றியத்தில் 73 ஊராட்சிகள். ஐந்து வருஷம் அத்தனை ஊரிலும் தனி அலுவலர் ஆட்சி. தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் இல்லாத இடத்துக்கு எப்படிப் பணம் தருவது என்று மத்திய அரசு தமிழ்நாட்டு உள்ளாட்சிகளுக்கான நிதிக் கமிஷன் தொகையை நிறுத்தி நிறுத்திப் பேசிய வருஷங்களும் அவைதான். தேர்தல் நடத்தாதது சென்னை, பணம் கொடுக்காதது டெல்லி, தெருவிளக்கு எரியாதது ஊரில்.

இதில் ஒரு வேடிக்கை. 2020 டிசம்பர் 10ஆம் தேதி, டெல்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிப் பேசிய பிரதமர் மோடி, இந்திய ஜனநாயகத்தின் பழமைக்குச் சான்றாக உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குறிப்பிட்டார். நமக்கெல்லாம் பெருமையாக இருந்தது. அன்றைய தேதியில் உத்திரமேரூரைச் சுற்றியிருந்த கிராமங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி ஒன்றுகூட இல்லை. மேடையில் யாரும் சொல்லவில்லை, கீழேயிருந்து யாரும் கேட்கவும் இல்லை.

குவாரியை மறந்துவிட்டேன் பாருங்கள். சாலவாக்கம் வட்டாரத்துக் கல் உடைந்து ஜல்லியாகி, எம்-சாண்ட் ஆகி, சென்னைப் பக்கம் லாரி லாரியாகப் போகிறது. உங்கள் அபார்ட்மென்ட் தூணிலும் கொஞ்சம் இருக்கலாம். அந்த லாரிகள் போகிற சாலையில் பலது ஏதோ ஒரு திட்டத்தின் பெயர்ப் பலகையோடு போட்ட கிராமச் சாலைகள். மாட்டு வண்டிக்கும் டிராக்டருக்கும் போட்டதில் டாரஸ் லாரி போனால் என்னவாகும்? குவாரியிலிருந்து அரசு வசூலிக்கிற சீனியரேஜில் ஊராட்சிக்குப் பங்கு உண்டு. 2015 சட்டத் திருத்தத்தின்படி, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்கென்று மாவட்டக் கனிம அறக்கட்டளையும் உண்டு, கலெக்டர் தலைமையில். ஆக இந்த ஊர்கள் ஏழை ஊர்கள் என்றுகூட முழுசாகச் சொல்ல முடியாது. அவற்றின் கல்லை விற்று வருகிற காசில் ஒரு பங்கை எடுத்து வைத்து, முதலைத் தொடாமல், வட்டியில் நூலகருக்கும் டேங்க் ஆபரேட்டருக்கும் கழிப்பறையைக் கழுவுகிறவருக்கும் சம்பளம் கொடுக்கலாம். கல் ஒரு நாள் தீர்ந்துவிடும். குழி மட்டும் இருக்கும். தீர்வதற்குள் செய்தாக வேண்டிய காரியம் இது. இப்போது என்ன நடக்கிறதென்றால், கல்லும் போகிறது, காசும் எங்கோ சுற்றி, ஏதோ ஒரு வருஷம் ஒரு பயணியர் நிழற்குடையாகத் திரும்பி வருகிறது.

உங்களுக்கும் ஒரு சொந்த ஊர் இருக்கும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இந்த ஆறு நாளும் கிராமசபை கூடுகிற நாட்கள். பாதி நாள் உங்களுக்கு லீவுதான். ஓட்டு அங்கே இருந்தால் உட்கார்ந்து பேச உரிமை உண்டு, இல்லாவிட்டால் ஓரமாக நின்று கேட்கலாம். வரவு செலவு வாசிப்பார்கள். புதுசாக என்ன கட்டடம் வேண்டும் என்று கேட்பார்கள், நாலு பேர் நாலு கட்டடம் சொல்வார்கள், தீர்மானப் புத்தகத்தில் ஏறும். அப்போது எழுந்து, ஏற்கனவே இருக்கிற நூலகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது, அவருக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறோம், எந்தக் கணக்கிலிருந்து என்று மூன்றே கேள்வி கேட்டுப் பாருங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் 2021 அக்டோபரில் ஜெயித்தவர்களின் ஐந்து வருஷக் கணக்கு 2026 அக்டோபரோடு முடிகிறது. அடுத்து ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பிரித்துக் காட்ட வேண்டும்.